கழுத்தில் ஒரு கோடு

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் மகளும் மருமகனும் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, திலகவதியின் கண் முதலில் போனது மகளின் ரவிக்கைக் கழுத்துக்குத்தான்.

கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து திருக்கோகர்ணத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள் அவள். யார் வாசலில் வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தோள்பட்டையையும் கழுத்து வெட்டையும் பார்த்துவிடுவாள். வைஷ்ணவியின் கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனை ரவிக்கையும் அவள் கைப்படத் தைத்தது. அதில் ஒன்றுக்குக்கூடக் காலர் வைத்தது கிடையாது. இன்றைக்கு மகள் போட்டிருந்ததோ காதுக்குக் கீழே வரை ஏறி நின்று கழுத்தை முழுசாக மூடியிருந்தது. மழைக்கு முந்தின புழுக்கம். நின்ற இடத்திலேயே வேர்த்து ஊற்றியது.

“இது ஏதுடி?” என்றாள்.

“கீரமங்கலத்துல ரெடிமேடா வாங்குனேம்மா. நல்லாருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வைஷ்ணவி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

தையற்காரி மகள் ரெடிமேட் ரவிக்கை வாங்கினாள் என்பதே திலகவதிக்கு ஒருமாதிரி இருந்தது. ஆனால் தலை தீபாவளிக்கு வந்த பிள்ளைகளிடம் வாசலிலேயே விசாரணை வைக்க முடியாது. மருமகன் ரகுநாத் பையோடு பின்னால் வந்தான். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தான். கீரமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன். எப்போது பார்த்தாலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருப்பான். “வாங்க மாப்பிள்ளை” என்று சொல்லும்போதே அதையும் அவள் மனசு குறித்துக்கொண்டது.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. சொந்தத்தில் ஒருவர் மூலமாக வந்த இடம். வயலும் போர்வெல்லும் உள்ள குடும்பம், பையனுக்குக் கைத்தொழில், மாடியில் புதுமணத் தம்பதிக்கென்று தனியாக ஒரு அறையே கட்டியிருந்தார்கள். நிறைவாகத்தான் பெண்ணைக் கொடுத்தாள். கல்யாணம் முடிந்த பிறகு அறந்தாங்கியில் ஒரு விசேஷ வீட்டில், பக்கத்து இலையில் சாப்பிட்ட ஒரு அம்மாள் பேச்சுவாக்கில் ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டாள். ரகுநாத்தின் அண்ணன் உதயசூரியன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்றும், அவன் மனைவி வாழ வந்து வருஷம் திரும்புவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், இன்று வரை திரும்பவில்லை என்றும். பெண் பார்க்க வந்தபோது, மூத்த மருமகள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் இருக்கிறாள் என்றுதான் இடையில் நின்று பேசிய அந்தச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தைத்த முள். திலகவதி அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை, புருஷன் குழந்தைசாமியிடம் கூட.

மறுநாள் விடியற்காலை எண்ணெய்க் குளியல். மணையில் மகளை உட்கார வைத்து உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து அரக்கித் தேய்த்தாள் திலகவதி. வைஷ்ணவி கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து காதுக்குப் பின்னால் கை இறங்கியதும் உடம்பை வெடுக்கென்று இழுத்தாள்.

“அங்க வேணாம்மா. எரியும்.”

திலகவதி துண்டை எடுத்தாள்.

இடது காதுக்குக் கீழே தொடங்கிக் காறை எலும்பு வரை ஒரு கோடு. விரல் அகலம்கூட இல்லை. ஓரமெல்லாம் தீய்ந்ததுபோல் கருஞ்சிவப்பாக இருந்தது. நடுவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக மஞ்சள் நீர் கோத்து நின்றன. காய்ச்சின கரண்டிக் காம்பை வைத்து இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“என்னடி இது?”

“தெரியலம்மா. தூங்கி எந்திரிச்சுப் பார்த்தேன், எரிஞ்சுச்சு. மறுநா கொப்புளமாயிருச்சு. என்னமோ கடிச்சிருக்கும்.”

திலகவதிக்குக் கையில் இருந்த எண்ணெய் ஒழுகி மணையில் சொட்டியது தெரியவில்லை. ‘தெரியல’ என்ற அந்த வார்த்தையை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். அளவு எடுக்கும்போது புடவைத் தலைப்பை ஒதுக்கினால் தோளில் கன்றிப்போன தடம் இருக்கும், முதுகில் வார் பட்ட வரி இருக்கும். ‘தெரியலக்கா, எங்கயோ இடிச்சிக்கிட்டேன்’ என்பார்கள். அடுத்த ரவிக்கைக்குக் கை கொஞ்சம் நீளமாக வைக்கச் சொல்வார்கள், முதுகை ஏற்றி வைக்கச் சொல்வார்கள். அவளும் ஒன்றும் கேட்காமல் சொன்னபடி வெட்டிக் கொடுப்பாள். இப்போது காலர் வைத்த ரவிக்கை எதற்கு என்பது விளங்கிவிட்டது என்று நினைத்தாள்.

காலைப் பலகாரத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது அவள் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சட்டையும் முழுக்கைதான். இட்லியைப் பிட்டுக் கறிக்குழம்பில் தோய்க்கும்போதுகூடக் கையை மடித்துவிடவில்லை. கை கழுவப் போனவன், பின்கட்டில் ஆள் இல்லை என்று நினைத்துச் சட்டைக் கையை ஒரு சுருட்டு மேலே ஏற்றினான். செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போன திலகவதி பார்த்துவிட்டாள். முழங்கை மடிப்பில், உள்பக்கமாக, அதே நிறத்தில் ஒரு தடம். அதே கொப்புளம்.

“கையில என்னங்க மாப்பிள்ளை?”

ரகுநாத் பதறிப்போய்ச் சட்டையை இறக்கினான். “அது… பைக் சைலன்சர் சுட்டுருச்சு அத்தை.”

சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும். காலில் அந்த வடுவோடு ஊரில் பாதிப் பேர் திரிகிறார்கள். முழங்கையின் உள்மடிப்பை எந்தச் சைலன்சர் போய்ச் சுடும்? மகள் கடி என்கிறாள், மருமகன் சூடு என்கிறான். சுட்டது என்று அவனே வாய்விட்டுச் சொன்னதை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் சூடு வைக்க வந்திருக்கிறான், இவள் தடுத்திருக்கிறாள், அந்தத் தள்ளுமுள்ளில் அவன் கையிலும் பட்டிருக்கிறது. எதுவும் மிச்சமில்லாமல் எல்லாம் பொருந்தியது.

பலகாரம் மாற்றிக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் வைஷ்ணவியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, இது அக்கிதான், குயவர் வீட்டில் போய்க் காவி எழுதிக்கொண்டால் இறங்கிவிடும் என்றாள். தீபாவளி ஸ்பெஷல் டியூட்டி முடிந்து சாயங்காலம் வந்த குழந்தைசாமி, டவுன் பஸ் டிரைவர், கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு வேர்க்குருவை நகத்தால் கீறியிருப்பாள் என்றார். புதுச் சங்கிலி உராய்ந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னார். அம்மையாக இருந்தால் வேப்பிலை சொருகணுமே என்று கொஞ்சம் பயந்தார். திலகவதி ஒவ்வொன்றையும் மனசுக்குள் தள்ளிக்கொண்டே வந்தாள். அம்மை உடம்பெங்கும் போடும். வேர்க்குரு கோடு போட்டுக்கொண்டு போகாது. சங்கிலி உராய்ந்தால் கழுத்தைச் சுற்றி வரும், காதிலிருந்து இறங்காது. எறும்போ கொசுவோ கடித்தால் தடிக்கும், அரிக்கும், இப்படித் தீய்க்காது. அக்கியாகவே இருக்கட்டும், மருமகன் கைக்கு அது எப்படிப் போகும்?

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் மகளை மெஷின் இருக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“மாப்பிள்ளை கை நீட்டுறாராடி?”

வைஷ்ணவி முதலில் சிரித்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. “என்னம்மா பேசுறீங்க. அப்படியெல்லாம் இல்ல.”

“அப்பறம் இது என்ன? அவர் கையில இருக்கறது என்ன?”

மகளின் முகம் குப்பென்று சிவந்தது. குனிந்து, தரையில் கிடந்த வெட்டுத்துணியைக் கால் விரலால் தள்ளினாள். “அவருக்கும் அன்னிக்கேதான் வந்துச்சு. அது வந்து…” என்று தொடங்கியவள் அதற்கு மேல் போகவில்லை. “விடும்மா. ஆறிரும்.”

அந்தச் சிவப்பையும் அந்தக் குனிந்த தலையையும் திலகவதி பயம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தாள். போன் பண்ணினால் மகள் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் முகத்தைக் காட்டு, வீடியோவில் வா என்றால் நெட் இல்லை என்றாள். அதற்கடுத்த நாளும் நெட் இல்லை. குழந்தைசாமியிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னபோது, அவசரப்பட்டு எதையாவது கிளப்பிவிடாதே, பெண் வாழப்போன இடம் என்றார். பெண் வாழத்தானே போனது, சூடுபட்டுக்கொண்டு கிடக்கவா என்று அவள் கேட்டாள். அவர் யூனிபார்மை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனார். அவர் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் எதையும் மறைத்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

ஆலங்குடி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ் கண்ணாடி வழியாகத் தென்னந்தோப்பும் பூந்தோட்டமும் கலங்கலாக ஓடின. கீரமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதையொட்டி ஓரம் முட்ட நெல் வயல். மாடி அறையின் பெரிய ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். கல்யாணத்தின்போது, என்ன காற்று, என்ன வெளிச்சம் என்று அவளே எல்லோரிடமும் சொல்லிப் பூரித்த ஜன்னல்.

சம்பந்தி அமராவதி முறுக்கு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். “வாங்க, வாங்க. சொல்லாம வந்திருக்கீங்க” என்றாள். அவள் குரலில் சந்தோஷத்தைவிடத் திகைப்பு அதிகமாக இருந்ததாகத் திலகவதிக்குப் பட்டது. வைஷ்ணவி எங்கே என்று கேட்டதற்கு, மேலே படுத்திருக்கிறாள், உடம்புக்கு முடியவில்லை என்றாள். என்ன உடம்புக்கு என்று கேட்க நிற்காமல் திலகவதி மாடி ஏறினாள். அமராவதி பின்னாலேயே வந்தாள்.

வைஷ்ணவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் திரும்பினாள். வலது கண் திறக்க முடியாமல் வீங்கிக் கிடந்தது. இமை பளபளவென்று சிவந்து கன்னம் வரை உப்பியிருந்தது.

திலகவதிக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. மகளைப் பார்த்து அல்ல, வாசலில் நின்ற அமராவதியைப் பார்த்துத்தான் திரும்பினாள்.

“மூத்தவளை வெரட்டுன மாதிரி இவளையும் வெரட்டலாம்னு பாக்குறீங்களா? அவளும் இப்படித்தான் அடியும் சூடும் பட்டு ஓடுனாளா?”

வைஷ்ணவி, “அம்மா, சும்மா இருங்க” என்று எழுந்து உட்கார்ந்தாள். அமராவதியின் முகத்தில் ரத்தமே இல்லை. சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துத்தான் திலகவதி நின்றாள். அவள் வரவில்லை. கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஆலங்குடியில தோல் டாக்டர் இருக்காங்க. இன்னிக்கே போவோம். நீங்களும் வாங்க, உள்ளயே வாங்க, நீங்களே கேளுங்க. சூடுன்னு அவங்க சொன்னா, அடின்னு சொன்னா, ஸ்டேஷனுக்கு நானே ஒங்க கூட வாரேன்.”

இதைத் திலகவதி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நம்பவில்லை. டாக்டரைக் கைக்குள் போட்டு வைத்திருப்பார்களோ என்றுதான் அடுத்த நினைப்பு போனது.

ஆட்டோவில் மூன்று பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். வைஷ்ணவி நடுவில் உட்கார்ந்து கண்ணில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டே வந்தாள். கடையைச் சாத்திவிட்டு ரகுநாத் பைக்கில் வந்து கிளினிக் வாசலில் நின்றான். அத்தையைப் பார்த்ததும், “எப்ப வந்தீங்க” என்று கேட்டான். அவள் காதில் விழாததுபோல் உள்ளே போய்விட்டாள்.

டாக்டரம்மா கலைமதி நடுவயசுக்காரி. நிதானமாகப் பேசுகிறவள். வைஷ்ணவியின் கழுத்தில் ஒரு சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தாள். கோடு காய்ந்து பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது. அப்புறம் கண்ணைப் பார்த்தாள். திலகவதியால் பொறுக்க முடியவில்லை.

“டாக்டர், நேராவே கேக்குறேன். இது சூடு வச்சதா?”

டாக்டர் நிமிர்ந்து அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு வேறு கேள்விகளைக் கேட்டாள். வீட்டுப் பக்கத்தில் வயல் இருக்கிறதா, படுக்கிற அறையில் ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா, சாயங்காலம் விளக்கைப் போட்டால் பூச்சி வருகிறதா என்றெல்லாம். வைஷ்ணவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மழை தொடங்கியதிலிருந்து ட்யூப் லைட்டைச் சுற்றி ஒரே பூச்சி என்றாள்.

“வீட்ல வேற யாருக்காச்சும் இதே மாதிரி வந்துச்சா?”

ரகுநாத் தயங்கித் தயங்கிச் சட்டைக் கைப் பட்டனைக் கழற்றினான்.

“எனக்கும் இருக்குங்க. அதே அன்னிக்குத்தான்.”

டாக்டர் அவன் முழங்கையைப் பார்த்தாள். மறுபடி வைஷ்ணவியின் கழுத்தைப் பார்த்தாள். லேசாகச் சிரித்துக்கொண்டு அவனை மனைவிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். அவன் வலது கையை நீட்டி, முழங்கை மடிப்பை வைஷ்ணவியின் இடது கழுத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். அவன் கையில் இருந்த தடம் அவள் கழுத்துக் கோட்டின் மேல் அப்படியே போய் உட்கார்ந்தது. காதுப்பக்கம் சற்று வளைந்திருந்தது, அவன் கையிலும் வளைந்திருந்தது.

“இவங்க தலையை இவர் கை மேல வச்சுத் தூங்கியிருக்காங்க” என்றாள் டாக்டர். “நடுவுல ஒரு பூச்சி மாட்டி நசுங்கியிருக்கு. அது கடிக்காது. நசுங்கினா அதுக்குள்ள இருக்கற தண்ணி தோலைத் தீய்ச்சிரும். ரெண்டு தோலும் எங்க ஒட்டியிருந்துச்சோ அங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வரும். எறும்பை விடக் கொஞ்சம் நீளமா, ஆரஞ்சும் கறுப்புமா இருக்கும். ஆசிட் பூச்சின்னு சொல்லுவாங்க. மழைக்கு வயல்லேர்ந்து வெளக்குக்கு வரும்.”

வைஷ்ணவி மடியில் இருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மடல் வரை சிவந்து. அன்றைக்கு மெஷின் அறையில் சிவந்த அதே சிவப்பு. அமராவதி சுவரில் தொங்கிய மருந்துக் கம்பெனி காலண்டரை வாசிப்பதுபோல் நின்றாள். ரகுநாத் கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் இருந்தான். டாக்டர் சொன்ன பிறகுதான் எடுத்தான்.

அப்படியும் திலகவதி விடவில்லை. கண் வீங்கியது எதனால் என்று கேட்டாள். இன்னொரு பூச்சியாக இருக்கும் என்றாள் டாக்டர். முந்தாநாள் விளக்கு வைத்த நேரத்தில் நெற்றியில் என்னமோ ஊர்ந்ததையும், அதைத் தேய்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கியதையும் வைஷ்ணவியே சொன்னாள். அக்கி என்றால் முதலில் வலிதான் வரும், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே நாளில் ஒரே அளவில் வராது என்று டாக்டர் விளக்கினாள். தீக்காயம் என்றால் பட்ட நிமிஷமே தெரியும். இது பட்டு ஒரு நாள் கழித்துத்தான் கொப்புளம் காட்டும், அதனால்தான் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை என்றாள். ஒட்டுவாரொட்டி இல்லை. பூச்சி மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளணும், நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவணும், படுக்கும் முன்னால் விரிப்பை உதறணும், ஜன்னலுக்கு வலை அடிக்கணும். கழுத்துக்கு ஒரு களிம்பும், கண்ணைக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று கண் டாக்டருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் வைஷ்ணவி அம்மாவிடம் திரும்பினாள்.

“நான் இல்லன்னு சொன்னேன்ல. நீங்க நம்பவே இல்ல.”

“நீ பாதி சொன்னே. மீதியை முழுங்குனே. மாப்பிள்ளை சைலன்சர்னு சொன்னாரு.”

“அத்தைகிட்ட வேற என்னத்தைச் சொல்றது” என்று ரகுநாத் முணுமுணுத்தான். சொல்லிவிட்டு மருந்து வாங்கத் தெருவைக் கடந்து போனான். வைஷ்ணவியும் அவன் பின்னாலேயே போய்விட்டாள்.

கிளினிக் வாசலில் கிடந்த பெஞ்சில் சம்பந்திகள் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி தூறல் போட்டது. திலகவதிக்கு நிம்மதியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

“நான் அப்படிச் சொன்னது தப்புங்க சம்பந்தி” என்றாள்.

“தப்புதான்” என்றாள் அமராவதி. பிறகு மூத்த மருமகளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் புருஷனோடு சிங்கப்பூர் போகவேண்டும் என்றுதான் கேட்டாளாம். உதயசூரியன் கூட்டிப்போக மாட்டேன் என்றான், இதோ அதோ என்று இழுத்தான். எதற்கு நான் இங்கே மாமியாருக்குச் சோறாக்கிக்கொண்டு தனியாகக் கிடக்கணும் என்று ஒரு நாள் போய்விட்டாள். தன் மகன் மேல்தான் பிழை என்று அமராவதிக்கே தெரியும். ஊர் மாமியாரைத்தான் குறை சொன்னது, அமராவதி மறுத்துப் பேசவில்லை. இடையில் பேசிய சொந்தக்காரர் அதை வேறு மாதிரி சொல்லி வைத்தது அவளுக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அப்போது வாய் திறக்கவும் இல்லை.

“அவ இன்னமும் எனக்குப் போன் பண்ணுறா. ரெண்டு பேரும் பேசிக்குவோம். அது யாருக்கும் தெரியாது.”

அமராவதி தொடர்ந்தாள், குரலைத் தாழ்த்தி.

“இன்னொண்ணும் சொல்லணும். நேத்துக் காலையில மருமக கண்ணைப் பார்த்ததும் எனக்கும் அதே நெனப்புதான் வந்துச்சு. அவனைத் தனியாக் கூப்புட்டு, அடிச்சியாடான்னு கேட்டேன். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணுனான். அப்பவும் மனசு கேக்கல. மூத்தவன் ஒருத்தியை விட்டுட்டான், சின்னவன் என்ன பண்ணுறானோன்னு. நீங்க வந்து கத்துனப்ப எனக்குக் கோவம் வரலைங்க. பயந்தான் வந்துச்சு. டாக்டர்கிட்ட போவோம்னு சொன்னது ஒங்களுக்காக மட்டும் இல்ல.”

திலகவதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கிளம்பியதிலிருந்து எதிராளி என்று நினைத்துக்கொண்டு வந்தவள், தன்னைப் போலவே நேற்றெல்லாம் கிடந்து வெந்திருக்கிறாள். ஆட்டோவில் மூன்று பேரும் பேசாமல் வந்தபோது, இரண்டு பேர் ஒரே பயத்தைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அமராவதியின் கை பெஞ்சின் மேல் இருந்தது. அதைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். பிடிக்கவில்லை. நகர்ந்து கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கழுத்துக் கோடு கார்த்திகைக்குள் ஆறிவிட்டது. முதலில் பழுப்பாகத் தெரிந்தது, அப்புறம் அதுவும் மங்கிப்போனது. கண்ணுக்கும் ஒன்றும் பழுதில்லை. ரகுநாத் ஜன்னலுக்கு வலை அடித்தான். ட்யூப் லைட்டைக் கழற்றிவிட்டு ஒரு மஞ்சள் பல்பை மாட்டினான். பூச்சி அடியோடு நின்றுவிடவில்லை, குறைந்தது. ஆனால் மாமியார் டாக்டரிடம் கேட்டதை அவனே கேட்டிருந்தான், சத்தியத்துக்குப் பிறகும் தாய் நம்பவில்லை என்பதும் எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. வைஷ்ணவிதான் சொல்லியிருப்பாள். அவன் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். பழைய கலகலப்பு மட்டும் இல்லை.

தலைப் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு குழந்தைசாமியும் திலகவதியும் கீரமங்கலம் போனார்கள். “வாங்க அத்தை” என்றான் ரகுநாத். கரும்பை வாங்கிச் சுவரில் சாய்த்தான். மாமனாரோடு மட்டும் உட்கார்ந்து பஸ் ரூட்டையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்குத் தன் மேல் கோபமா என்று திலகவதி ஒரு சமயம் பார்த்து நேராகவே கேட்டாள். கோபம் இல்லை என்றான். எப்போது சரியாகும் என்று கேட்பதுபோல் அவள் நின்றாள். தெரியாது என்பதுபோல் அவன் லேசாகச் சிரித்தான். அதுவே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கொடுத்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுக்களையில் பெண்கள் இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். வைஷ்ணவி மாடியில் தூங்கப் போயிருந்தாள்.

“அவன் எங்கிட்ட இன்னும் சரியாப் பேசலைங்க” என்றாள் அமராவதி, தலை நிமிராமல்.

“எங்கிட்டயுந்தான்” என்றாள் திலகவதி.

மொச்சைத் தோல் ஒரு பக்கம் குவிந்தது. கொஞ்ச நேரத்தில் ரகுநாத் அடுக்களை வாசலில் வந்து நின்றான். யார் முகத்தையும் பார்க்காமல், பொதுவாக உள்ளே பார்த்து, “டீ இருக்கா?” என்று கேட்டான்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.